ரோமுக்குப் போன ஓடிபி

ஆஸ்லின் அக்காவை எங்கள் தேவாலயப் பங்கில் ‘லைவ் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாம்பன் பக்கம் எங்கள் ஊரில் பாதி வீட்டு ஆண்கள் பஹ்ரைனில் மீன்பிடிப் படகுகளில் வேலை பார்க்கிறார்கள். அக்காவின் கணவர் வில்பிரட் அண்ணனும் அங்கேதான். கோயில் பூசை, கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் பங்கின் யூடியூப் சேனலில் நேரலையாக அவர்களுக்குக் காட்டுவது அக்கா. அடக்கத்தில் அழுகிற முகங்களை நெருங்கிப் படம்பிடிக்க மாட்டார். கூட்டத்தை மெதுவாக ஒரு சுற்றுக் காட்டுவார். யார் யார் வந்தார்கள் என்றுதான் அங்கே இருப்பவர்கள் முதலில் கேட்பார்களாம்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், கம்ப்யூட்டர் சயின்ஸ். அதனால் அச்சடித்து வந்த பங்குமடலை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் போடும் வேலை எனக்கு.

இந்த வருடத் திருவிழாக் கொடி வில்பிரட் அண்ணன் உபயம். பல வருடமாகப் பெயர் கொடுத்து, இப்போதுதான் குலுக்கலில் விழுந்தது. கொடியேற்றத்தன்று காலையிலேயே அக்காவுக்கு அண்ணனின் குரல் செய்தி வந்துவிட்டது: “ஏய் ஆஸ்லின், ரூம்ல போன டிவில மாட்டியாச்சு. ஒருத்தனும் இன்னைக்குக் கடலுக்குப் போகல. சாம்பிராணி மட்டுந்தான் இல்ல.”

மத்தியானம் அக்கா பங்கு செல்போனோடு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

“தம்பி, இங்கன பாரு. சேனலுக்குள்ளயே விடமாட்டேங்குது.”

பாதிரியார் தங்கும் சாமி பங்களாவுக்குப் போனோம். புதிதாக வந்த பங்குச்சாமி சந்தோஷமாகச் சொன்னார்: “போன் மந்தமா இருந்துச்சும்மா. கடையில குடுத்து எல்லாத்தையும் அழிச்சு சுத்தமாக்கி இப்பத்தான் வாங்கியாந்தேன்.”

மறுபடி உள்ளே போக ஓடிபி வேண்டும். ஓடிபி பழைய சாமியின் எண்ணுக்குப் போகிறது. பழைய சாமியோ மேல்படிப்புக்கு ரோமுக்குப் போய்விட்டார். எங்கள் பங்கில் கரண்டு, கேஸ், வேன் எல்லாமே பங்குச்சாமி பேரில்தான் இருக்கும். அதே வழக்கத்தில் சேனலையும் அவர் எண்ணில் தொடங்கியிருந்தார்கள். சாமி மாறும்போது கேஸ் புத்தகத்தில் பெயர் மாற்றினார்கள். சேனல் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

பழைய சாமியின் இந்திய எண் அணைந்து கிடந்தது. நான் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன், திரும்பத் திரும்ப எழுதினேன். பதில் இல்லை.

“புதுசா ஒண்ணு தொடங்கிருங்களேன்” என்றார் சாமி.

“புது சேனல்ல லைவ் போட ஒரு நாள் காத்திருக்கணும் சாமி.”

“அப்ப நாளைக்குத் தொடங்கலாம்.”

“கொடி இன்னைக்கு ஏறுது சாமி” என்றார் அக்கா.

மூன்று வருடம் படித்த படிப்பு, ஓர் ஆறு இலக்க எண்ணுக்கு முன்னால் கையைக் கட்டி நின்றது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் அக்கா தன் போனிலேயே அண்ணனுக்கு வீடியோ கால் போட்டார். லைவ் இல்லை என்று தெரிந்ததும் மற்ற பெண்களும் அவரவர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். கொடிமரத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தூக்கிப் பிடித்த போன். இருக்கிற ஒரு டவர் என்ன செய்யும்?

“குடைதான் தெரியுது! சாமிக்குப் புடிச்ச குடைய நகத்தச் சொல்லு!” என்று கத்தினார் அண்ணன்.

“குடை எப்பவோ போயிருச்சுங்க. படந்தான் நின்னுபோச்சு.”

லைன் அறுந்தது. வேட்டுச் சத்தம் கேட்டு அக்கா நிமிர்ந்தபோது கொடி உச்சியில் இருந்தது.

நான் எடுத்த வீடியோவை அண்ணனுக்கு அனுப்பினேன். “ஏலே, ஏறுனப்பறம் அனுப்புறதுக்குப் பேரு லைவா? பங்குமடல்ல போட்டோ போடு, பாத்துக்கிறேன்” என்று பதில் வந்தது.

மறுநாள் ரோமிலிருந்து மின்னஞ்சல். வருத்தம் தெரிவித்திருந்தார். அந்த சிம் மதுரையில் அவர் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கிறதாம், சாவியைத் தேட வேண்டுமாம்.

அன்றைக்கே சாமி புது சேனல் தொடங்கினார், தன் எண்ணில்.

“சாமி, உங்களுக்கு எப்ப மாறுதல்?” என்று கேட்டார் அக்கா.

“அது ஆயர் முடிவும்மா. ஏன்?”

“அப்ப உங்க நம்பர் வேணாம். பங்குக்குன்னு ஒரு சிம் வாங்குங்க.”

விஷயம் பங்குப் பேரவைக்குப் போனது. “சிம்மு யாரு கையில இருக்கும்? ஒரு பொம்பள கையில கோயில் சேனலா?” என்றார் தலைவர் சந்தியாகு. தற்காலிகமாகச் சாமி எண்ணே இருக்கட்டும் என்று முடிவானது. எங்கள் பங்கில் தற்காலிகம் என்றால் அடுத்த சாமி வரும்வரை.

“அப்ப தேரப் பேரவையே படம் புடிக்கட்டும்” என்று அக்கா பங்கு போனை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

தேரன்று தலைவரே படம்பிடித்தார். போனில் வந்தது தேரில் பாதி, அவர் கட்டைவிரல் மீதி.

மறுநாள் காலைப் பூசை முடிந்து கொடியிறக்கம். பத்துப் பேர்கூட இல்லை. கூட்டமில்லாததால் நெட் நன்றாகக் கிடைத்தது. அக்கா அண்ணனைக் கூப்பிட்டு, கொடி இறங்குவதை ஆடாமல் அசையாமல் காட்டினார். அண்ணன் படகில் இருந்தார். பின்னால் இன்ஜின் சத்தம்.

“ஏறுறத பாக்காதவனுக்கு எறங்குறத காட்டுற.”

கொடி கைக்கு வந்ததும் அக்கா போனுக்கு முன்னால் விரித்துப் பிடித்தார்.

“கிழிஞ்சிருக்கா?”

“ஓரத்துல கொஞ்சம்.”

“காத்துல நல்லா ஆடியிருக்கு போல” என்றார் அண்ணன். வலை இழுக்க யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டார்.