அம்மா பிடித்த கயிறு

விமானத்தில் போகிறவர்களுக்கு வேகம் தெரிவதில்லை. மேகத்துக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார வைத்து, கையில் ஒரு கோப்பை ஆரஞ்சுச் சாற்றையும் கொடுத்துவிடுகிறார்கள். என் மகன் நெடுஞ்சாலையில் ஓட்டும் காரிலும் அப்படித்தான். முள் எங்கேயோ போய் நிற்கிறது, நான் தூங்கிப் போகிறேன். வேகம் என்றால் என்னவென்று எனக்கு ஒரே ஒருமுறைதான் தெரிந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் சாம்பலைக் கடலில் கரைக்கப் போன நாள் அது.

மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சி, அவசர காலம். சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். லயத்து வீடுகளைச் சுற்றி முள்ளுக்கம்பி, கேட் வாசலில் துப்பாக்கியோடு மாத்தா, அதாவது போலீஸ்காரர். பொழுது சாய்ந்தால் வாசலைப் பூட்டிவிடுவார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று பகலிலும் ஒரு பிடி சோறுகூட வெளியே போக முடியாது. அப்படி வாசல் பூட்டிய ஒரு சாயங்காலத்தில்தான் அப்பாவுக்குக் காய்ச்சல் முற்றியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடிந்ததும் லாரி வரும் என்றார்கள். சொன்னபடி வந்தது. அதற்குள் அப்பா போய்விட்டார்.

"நான் ஓடிப்போயி அந்தக் கேட்ல விழுந்து கெடந்திருக்கணும்" என்று அன்றைக்கு அம்மா ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே இல்லை.

சாம்பலை வீட்டுக்குள் கொண்டு வரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கலயத்தின் வாயைத் துணியால் கட்டி, லயத்துக்கு எதிரே இருந்த பலாமரக் கிளையில் பெரியப்பா தொங்கவிட்டார். மறுநாளே கொண்டுபோய்க் கரைத்திருக்க வேண்டும். ஆனால் பாதையில் ஒரு லாரியைச் சுட்டுவிட்டார்கள் என்று போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். நாள் வாரமாகி, வாரங்களும் பலவாயின. கலயம் மரத்திலேயே தொங்கியது. அம்மா விடியற்காலையில் பால் வெட்டப் போவார், வருவார், வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் கிளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தட்டில் வைத்த சோறு அப்படியே ஈ மொய்க்கும். நானும் என் தம்பியும் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டோம். அம்மாவின் வளையல் போன கை நாளுக்கு நாள் குச்சியாகிக்கொண்டு வந்தது. பெரியவர்கள் எங்களைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அம்மாவுக்கு வயிறு சரியில்லை போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. கிளேபாங்கில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பாய்க்கப்பலைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கப்பல் என்று நாங்கள் பெருமையாகச் சொன்னாலும் அது படகுதான். ஆனால் இரண்டு பாய், உள்ளே படுக்கப் பலகை, சமைக்க ஓர் அடுப்பு என்று ஒரு சின்ன வீடே அதற்குள் இருந்தது. துரையும் துரைசானியும் அதில் நாள் கணக்காகக் கடலில் சுற்றிவிட்டு வருவார்கள். கரையில் அவ்வளவு பெரிய பங்களா இருக்கும்போது தண்ணீரில் போய் ஏன் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது பெரியப்பாவுக்குக் கடைசிவரை தீராத சந்தேகம். அந்த வருடம் துரை சீமைக்கு விடுப்பில் போயிருந்தார். சும்மா நிறுத்திவைத்தால் பாயெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும், அவ்வப்போது ஓட்டிக்கொண்டு வா என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பாதை திறந்த மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் மாமா வந்து நின்றார். கலயத்தோடு என் தம்பியையும் அம்மாவையும் அழைத்துப் போவதாகச் சொன்னார். பெரியப்பாவுக்குச் சுருக்கென்றது. சாம்பல் கரைக்கப் பொம்பளை போவதா? கொள்ளி வைத்த பிள்ளை போனால் போதும், ஐந்து வயதென்றாலும் அவன் ஆண்பிள்ளை, துணைக்கு இன்னொரு ஆண் போதும் என்றார்.

"ஆம்பளதான் வேணும்னா நீங்க வாங்க மச்சான்" என்றார் மாமா. "நான் சுக்கான் புடிக்கணும். பாய்க் கயிறு புடிக்க இன்னொரு ஆளு வேணும். ரெண்டு பேரு இல்லாம அந்தக் கப்பல் நவுராது லா. நீங்க கயிறு புடிக்கிறீங்களா?"

பெரியப்பாவுக்கும் கடலுக்கும் ஆகாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது வாந்தியெடுக்க ஆரம்பித்தவர் பினாங்கில் இறங்கியபோதுதான் நிறுத்தினாராம். அவர் ஊருக்குத் திரும்பிப் போகாததற்கே அதுதான் காரணம் என்று பெரியம்மா சொல்வார். பெரியப்பா இரண்டுமுறை இருமினார். "ஆபத்துக்குப் பாவமில்ல, போய்ட்டு வாங்க" என்றார். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் இந்தப் பேச்சு முடிவதற்குள் நான் பாவாடை சட்டை மாற்றிக்கொண்டு கேட் பக்கம் நடந்துவிட்டேன்.

கேட்டில் இருந்த மலாய்க்கார மாத்தா கலயத்தைத் தொடவில்லை. ஆனால் பிண்டம் வைக்கப் பெரியம்மா வாழையிலையில் கட்டிக்கொடுத்த எள்ளுச் சோற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டார். இது செத்துப்போனவருக்கு என்று மாமா மலாயில் விளக்கினார். செத்தவர் சாப்பிட மாட்டாரே, காட்டில் உயிரோடு இருப்பவன்தானே சாப்பிடுவான் என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். எள்ளைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளச் சொன்னார், சோற்றை வைத்துக்கொண்டார்.

மலாக்காவில் பஸ் மாறிக் கிளேபாங்கில் இறங்கியபோது கடல் பின்வாங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் சேற்றில்தான் நடக்க வேண்டும் என்று மாமா விரட்டினார். வேறு சோறு ஆக்க நேரமில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, சின்னத் தோணியில் ஏறி, கப்பலுக்குப் போனோம். அம்மா சொன்னதைச் செய்தார். கையைக் கொடு என்றால் கொடுத்தார், உட்கார் என்றால் உட்கார்ந்தார். வெள்ளைச் சேலையின் ஈரத்தைக்கூடப் பிழியவில்லை.

கரையிலிருந்து லேசாக வீசிய காற்றில் கப்பல் ஊர்ந்து போனது. காற்று லேசு என்பதால் கயிற்றையும் மாமாவே ஒரு கையில் பிடித்துக்கொண்டார். துரைமார்கள் இதற்காகவா இவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. தோட்டத்து மாட்டுவண்டி இதைவிட வேகமாகப் போகும். கரை ஒரு பச்சைக் கோடாகச் சுருங்கியதும் மாமா கப்பலை நிறுத்தினார். துரையின் டின்னிலிருந்து பிஸ்கட்டுகளை எடுத்து நொறுக்கி, எள்ளும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தார். என் அப்பாவுக்குச் சீமை பிஸ்கட்டில் பிண்டம் வைத்தோம். அப்பாவுக்கு பிஸ்கட் பிடிக்கும், ஆனால் சம்பள நாளில்தான் கிடைக்கும். அன்றைக்குத் தாராளமாகக் கிடைத்தது. தம்பி இரண்டு கையாலும் கலயத்தைத் தூக்கிப் போட்டான். அது ஒரு சுற்றுச் சுற்றி, குமிழி விட்டு, மூழ்கிவிட்டது.

அம்மா அந்த இடத்தையே பார்த்தபடி ஓரப் பலகையில் சாய்ந்திருந்தார். முந்தானை தண்ணீரில் கிடந்தது. மாமா "அக்கா" என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னொருமுறை கூப்பிட்டார். அம்மா இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

அப்போதுதான் மேற்கே வானம் கறுத்திருப்பதை மாமா பார்த்தார். சுமத்ரா பக்கமிருந்து கரிய மேகம் வில்லாக வளைந்து வந்துகொண்டிருந்தது. கிளேபாங்கில் அந்தக் காற்றுக்கே சுமத்ரா என்றுதான் பெயர்.

"அக்கா! சுமத்ரா வருது! இந்தா, கயித்தப் புடி, ரெண்டு கையாலயும் புடி!" மாமா கத்திய கத்தலில் தம்பி அழ ஆரம்பித்துவிட்டான். "விட்ட, கப்பல் கவுந்துரும்! புள்ளைங்க ரெண்டும் போயிரும்!"

அம்மா திரும்பினார். மாமா நீட்டிய கயிற்றைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு வந்து கயிற்றை வாங்கினார். காலை எதிர்ப்பலகையில் ஊன்றி இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

காற்று அறைந்தது. தொங்கிக்கொண்டிருந்த பாய் இரண்டும் படாரென்று புடைத்தன, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து பாய்ந்தது. முதலில் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது உலகம் வேறாக இருந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவராக எழுந்து நின்றது. ஓர் அலை பின்னால் வந்து எங்களைத் தூக்கும், உச்சியில் கப்பல் ஒரு கணம் தயங்கும், பிறகு சரிவில் வழுக்கிக்கொண்டு ஓடும். வயிறு மேலேயே நின்றுவிடும். சரிவு முடியுமுன் அடுத்த அலை. என் காலடியில் பலகை அதிர ஆரம்பித்தது, அடியிலிருந்து ஒரு ரீங்காரம் கேட்டது. கப்பல் பாடுகிறது என்று தம்பி அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னான். மீன் பிடிக்க நட்டிருந்த கம்பங்கள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. எங்கேயோ கோடாகக் கிடந்த கரை தென்னை தென்னையாகப் பிரிந்து எங்களை நோக்கி ஓடி வந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அப்பா செத்துப்போனது, கேட், முள்ளுக்கம்பி, மரத்தில் தொங்கிய கலயம் எல்லாம் பின்னால் அந்த நுரையில் எங்கோ விழுந்துவிட்டன. இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று உடம்பு முழுதும் கேட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் உள்ளங்கால் கூசுகிறது.

"டேய்!"

யாரென்று திரும்பிப் பார்த்தேன். அம்மா.

"கண்ணு அவிஞ்சி போச்சாடா ஒனக்கு? புள்ளைங்க இருக்குதுடா! மெதுவா ஓட்டுடா பாவி!"

"கேக்கல லா அக்கா!" என்றார் மாமா. கேட்காமல் இருக்க அவர் செவிடா? "கயித்த விட்றாத!"

"நான் எங்கடா விட்டேன்? மொதல்ல நீ நேராப் பாத்து ஓட்டுடா!"

பதில் சொல்ல மாமா வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஓர் அலை எகிறி நேராக அவர் வாய்க்குள் போயிற்று. புரையேறி, கண் சிவந்து, இருமிக்கொண்டே அவர் சுக்கானை இறுக்கினார். அம்மா சிரித்துவிட்டார். தலைமுடி அவிழ்ந்து முகமெல்லாம் பறக்க, உப்புத் தண்ணீர் வழிய, கயிற்றை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்கு அந்தக் கயிறு வேண்டுமென்று ஆசையாக இருந்தது. "மாமா, எனக்கு ஒருவாட்டி" என்று கேட்டேன். "ஒனக்குப் பலம் பத்தாது பாப்பா, அம்மாதான் புடிக்கணும்" என்றார். மலாக்கா நீரிணையிலேயே வேகமாகப் போகும் கப்பலில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கரை சேர்ந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். துரை இருக்கும்போதுகூட இந்த வேகம் வந்ததில்லை என்று நங்கூரம் போடும்போது மாமா சொன்னார். உடனே மழை கொட்டியது.

மாமாவின் அறையில் சுடச்சுடச் சோறும் மீன் குழம்பும். அம்மாவின் இரண்டு உள்ளங்கையும் கயிறு அறுத்துக் கொப்பளித்திருந்தன. மாமா தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். அந்தக் கையால் பிசைய முடியாது என்பதால் என்னை ஊட்டச் சொன்னார். ஒரு வாய் கொடுத்தேன். அம்மா வாங்கிக்கொண்டார். இன்னொரு வாய். தட்டு காலியானதும் "இன்னும் கொஞ்சம் போடு ஆயி" என்றார். மாமா சுவர்ப்பக்கம் திரும்பி அலமாரியில் வெகுநேரம் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஊறுகாயாக இருக்கும் என்று நானும் காத்திருந்தேன். ஊறுகாய் வரவே இல்லை.

நான் பிள்ளை குட்டி பெற்று, மூத்த மகனும் வளர்ந்த பிறகு, அவன் நண்பன் ஒருவன் போர்ட் டிக்சனில் எங்களைப் பாய்ப்படகில் அழைத்துப் போனான். காற்று வந்ததும் கயிற்றை இழுத்து, பக்கத்திலிருந்த ஒரு சின்னக் கட்டையில் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு, சாவகாசமாகச் சோடா குடித்தான். எனக்குப் பதறியது. பிடிக்க வேண்டாமா, அவிழ்ந்தால் கவிழ்ந்துவிடாதா என்றேன்.

"இல்ல ஆன்ட்டி, அவுந்தா போட் நிமிர்ந்து நின்னுடும். கவுற மாரி இருந்தா அதத்தான் மொதல்ல விடணும்."

அந்த வாரமே கிளேபாங்குக்குப் போனேன். துரை போய், கப்பலும் கைமாறி, மாமா அதே தெருவில் கிழவராகிவிட்டிருந்தார். துரையின் கப்பலில் அப்படி ஒரு கட்டை இருந்ததா என்று கேட்டேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இருந்திச்சி லா. துண்டப் போட்டு அதும்மேலதான் ஒக்காந்திருந்தேன். நாலு நாளு ஒழுங்கா ஒக்கார முடியல."

பிறகு சிரிப்பு நின்றது. "ஒங்கம்மாவ வீட்ல தனியா விட்டுட்டு வரப் பயமா இருந்திச்சி. கூட்டிட்டு வந்தா, அது அந்தத் தண்ணியப் பாத்த பார்வ... அதவிடப் பயமாப் போச்சி. ரெண்டு கையும் சும்மா இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன் ஆயி. வேற ஒண்ணும் தோணல."

என் அம்மாவை எனக்குத் திருப்பிக் கொடுத்த மனிதரிடம், நான் இத்தனை வருடம் கயிறு தரவில்லையே என்ற குறையை வைத்திருந்தேன். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். "என்னா இது" என்று கூச்சப்பட்டுக்கொண்டு எழுந்து காப்பி போடப் போய்விட்டார்.

அம்மாவிடம் அந்தக் கட்டையைப் பற்றி நான் சொல்லவே இல்லை. பேரன் பேத்திகள் சுற்றி உட்கார்ந்தால் அவருக்கு அந்தக் கதைதான். தழும்பேறிய உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். "அன்னிக்கி நான் மட்டும் அந்தக் கயித்த விட்டிருந்தேன்னா, ஒங்கம்மா இல்ல, ஒங்க மாமா இல்ல, நீங்க ஒருத்தரும் இன்னிக்கி இல்ல" என்பார். பிள்ளைகள் வாய் பிளந்து என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஆமா, பாட்டி சொல்றது நெசம்தான்" என்பேன்.