ஸ்கேன் அறை வாசலில் சிரிக்கக் கூடாது

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் சேலை எடுத்துப் போடுகிறவள் நான். முகூர்த்த மாதங்களில் கல்யாணக் கூட்டம் வந்து உட்கார்ந்தால் மணிக்கணக்கில் நகர முடியாது. பெண்களுக்கான கழிப்பறை மூன்றாவது மாடியில் இருந்தது. அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று மாமியாரும் மருமகளும் தகராறில் இருக்கும்போது நான் மாடியேறினால், திரும்பி வருவதற்குள் அவர்கள் எதிர்க்கடையில் இருப்பார்கள். அதனால் தண்ணீரே குடிக்காமல் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

போன தை மாதம் சிறுநீர் போகும்போது எரிய ஆரம்பித்தது. ஆட்டோ ஓட்டும் என் கணவர், "சூடு பிடிச்சிக்கினு இருக்குது" என்று தீர்ப்புச் சொல்லி, எஞ்சினைக் குளிர வைப்பது போல் இளநீராக வாங்கி வந்து ஊற்றினார். காய்ச்சலும் நடுக்கமும் வந்து, வலப்பக்க முதுகில் குத்தல் எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டார்.

"காபி குடிப்பேன்."

"தண்ணிம்மா."

"மதியம் ரசம் ஊத்திக்கிறேனே, டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கிருமித்தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம் என்றார். சிறுநீரைப் பரிசோதனைக்கு வாங்கிக்கொண்டு, ஊசி போட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்து, ஸ்கேனுக்கு அனுப்பினார். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, முட்டிக்கொண்டு வரும்வரை அடக்கிவைத்திருக்க வேண்டுமாம்.

ஸ்கேன் அறை வாசல் பெஞ்சில் சின்ன காஞ்சிபுரத்து மாமி ஒருவர் காலோடு கால் பின்னி உட்கார்ந்திருந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"உனக்கென்ன, கல்லா?" என்றார்.

"தெரியலை மாமி. உங்களுக்கு?"

"கல்லுன்னு தெரியும். எங்க ஒளிஞ்சிண்டிருக்குன்னுதான் தெரியலை."

நான் ஒரு பாட்டிலைக் காலி செய்து, முட்டத் தொடங்கிய நேரத்தில் நர்ஸ் வந்தாள். ஸ்கேன் டாக்டரின் கார் சாமி புறப்பாட்டில் மாட்டிக்கொண்டதாம்.

"பெருமாள் வரச்சே நாம என்ன சொல்ல முடியும்?" என்று மாமி கைகூப்பினார். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "இன்னிக்கு ஒரு நாள் அவர் சித்த வேகமா நடக்கலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்கப்படாது! நீ சிரிச்சா நானும் சிரிப்பேன். அப்புறம் இந்த பெஞ்சு என்ன ஆறது?"

அந்த நேரம் பார்த்து என் கணவர் கேன் தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்க ஆரம்பித்தார். களகளவென்று அந்தச் சத்தம் கேட்டதும் நாங்கள் இருவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டோம்.

"இவரை வெளியில அனுப்புடிம்மா!" என்று மாமி கத்தினார். என் கணவர் வெளியே போன பிறகும் எனக்கு அடங்கவில்லை. நர்ஸைக் கெஞ்சினேன்.

"ரொம்ப முடியலைன்னா கொஞ்சமா போயிட்டு வாங்கக்கா. மீதிய அப்டியே வெச்சிக்குங்க."

"ஆயுசு பூரா கணக்கு சொல்லிக் கொடுத்தவ நான். எனக்கே இது ஆகாது" என்றார் மாமி.

நான் போனேன். கொஞ்சத்தோடு நிறுத்த உயிரைக் கொடுத்துப் பார்த்தேன். நடக்கவில்லை. திரும்பி வந்ததும் நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புது பாட்டிலை நீட்டினாள்.

மாமி மட்டும் அசையாமல் இருந்தார். டாக்டர் வந்ததும் முதலில் உள்ளே போனவர், வெளியே வந்து நேராகக் கழிப்பறைக்கு ஓடினார். திரும்பும்போது, "மோட்சம்னா இதுதான்டி" என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

மறுபடி நிறைந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். ஜில்லென்று பசையைத் தடவி, சரியாக அந்த இடத்திலேயே அழுத்தினார் டாக்டர். "நல்லா நிறைஞ்சிருக்கு, வெரி குட்" என்றார். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. வலது சிறுநீரகத்தில் லேசான வீக்கம், ரவை மாதிரி ஒரு கல். மாத்திரையை நடுவில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும், கல் தானாகப் போய்விடும் என்றவர், "இனிமே அடக்கவே கூடாது" என்றும் சொன்னார். அதற்கு மேல் அங்கே நிற்காமல் ஓடினேன்.

வேலைக்குத் திரும்பியதும், நடுநடுவே எழுந்து போவேன் என்று முதலாளியிடம் சொன்னேன். "கஸ்டமர் உக்காந்துக்கினு இருக்கறப்போவா?" என்றார். "அவங்களும்தான் காலையிலேர்ந்து உக்காந்துக்கினு இருக்காங்க சார்" என்றேன். அதைக் கேட்டு, அன்று சேலை எடுக்க வந்திருந்த கல்யாணப் பெண்ணின் அம்மா சட்டென்று எழுந்து, "எங்கம்மா இருக்குது, முதல்ல அதைக் காட்டு" என்றார். முதலாளி தன் அறைக்குப் பின்னால் இருந்த கழிப்பறையின் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மறு ஸ்கேனில் கல்லைக் காணோம். எப்போது போனதென்று எனக்கே தெரியாது. என் கணவருக்குத்தான் மனசு ஆறவில்லை. "இவ்ளோ ஆட்டம் காட்டிச்சே, அது மூஞ்சிய ஒரு தடவ பாத்திருக்கலாம்பா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.