ஆர்டிஸின் தாளில் ஒரு ஆள் குறைந்தது

ஆர்டிஸ் கோவார்ஸ் எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்தில் பதினெட்டு வருஷமாக ஸ்கோரர். எது நல்ல அடி, எது பிடிக்கத் தெரியாமல் விட்ட தப்பு என்று முடிவு செய்து தாளில் எழுதுவது அவள் வேலை. அதற்கு முன் இறைச்சி ஆலையில் எடை போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே சங்கம் கட்டியவன் நான். கம்பெனி வேலை வேகத்தைக் கூட்டியதற்கு விசாரணை வந்தபோது, எடையும் நேரமும் அவள் எழுதிவைத்த நோட்டைத்தான் சாட்சியாகக் கொடுத்தேன். எங்கள் சங்க ஆட்கள் இடைவேளை முடிந்து நாலு நிமிஷம் பிந்தி வந்ததையும் அதில் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தைக் கிழி என்றேன். மாட்டேன் என்றாள். அந்த நாலு நிமிஷத்தைப் பார்த்துத்தான் விசாரணை நடுவர் மீதியை நம்பினார். ஜெயித்தோம்.

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மதியம், ஏழாவது இன்னிங்ஸில், மாடியில் அவள் ஸ்கோர் எழுதும் கூண்டுக்குள் சண்டைக்குப் போனேன். பந்தை விட்டுவிட்டான் என்று எங்கள் அணி ப்ரூயிட் பேரில் ஒரு தப்பு எழுதிவிட்டாள்.

“பந்து கல்லுல பட்டுத் திரும்புச்சு. கண்ணு தெரியுதா உனக்கு?”

“நல்லாத் தெரியுது. உன் தொப்பைதான் மறைக்குது. நகரு, லைல்.”

“உழைக்கிறவன் மேல பழி போடற. நீயும் மேனேஜ்மென்ட் ஆளாயிட்ட.”

நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். “கால் நடுவுல போன பந்துக்கும் சங்கம் மனு போடுமா?”

போடும் என்று ஒரு நிமிஷம் பேசினேன். அவள் திரும்பியபோது ஓட்டத்தின் முதல் நிறுத்தமான முதல் பேஸில் புதிதாக ஒருவன் ஓட நின்றான். யாருக்குப் பதில் என்று கவனிக்காமல் பேரை எழுதிக்கொண்டாள். அடுத்த பந்திலேயே எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அவுட்.

ஆட்டத்தில் தோற்றோம். அது பெரிய விஷயமில்லை. முடிந்ததும் ஆர்டிஸ் ஒரு கூட்டல் போடுவாள். மட்டையோடு வந்த ஒவ்வொருவனும் ஒன்று ரன் எடுத்திருக்க வேண்டும், இல்லை அவுட்டாகியிருக்க வேண்டும், இல்லை பேஸில் நின்றே போயிருக்க வேண்டும். வேறு போக்கிடம் கிடையாது. எங்கள் பக்கம் ரன் இரண்டு, அவுட் இருபத்தேழு, நின்றவர்கள் ஏழு. முப்பத்தாறு. வந்தவர்கள் முப்பத்தைந்து.

“ஒருத்தன் வராமலே போயிருக்கான்” என்றாள். மூன்று தடவை கூட்டினாள்.

“யார் பேர்லயாவது ஒண்ணு சேத்துடேன். யார் பார்க்கப்போறா?”

“அப்ப நிஜமா வந்தவன்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கத்திக்கொண்டிருந்தபோது அவள் என்னைப் பார்த்திருந்தாள். நான் மைதானத்தைப் பார்த்திருந்தேன். கனத்த ஆள் ஒருவன் மட்டையோடு வந்தான். எதிரணி மேனேஜர் நாலு விரலைக் காட்டினார். பந்தே போடாமல் அவனை முதல் பேஸுக்கு அனுப்பினார்கள். உடனே எங்கள் மேனேஜர் அவனுக்குப் பதிலாக ஓடத் தெரிந்தவனை இறக்கிவிட்டார். மொத்தம் அரை நிமிஷம். தாளில் பேர் இல்லாதவனை வேலைக்கே வரவில்லை என்பார்கள் என்று எத்தனை துண்டறிக்கை எழுதியிருக்கிறேன்! ஒருவனை நானே இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

சொன்னேன்.

“நீ சொன்னா எழுத முடியாது. நாலு நிமிஷத்தைக் கிழிக்கச் சொன்ன ஆளு நீ” என்று தாளோடு படியிறங்கினாள்.

அந்தக் கனத்த ஆள், கார்வின் ப்ளெட்சோ, வண்டி நிறுத்துமிடத்தில் பையை ஏற்றிக்கொண்டிருந்தான். காயம்பட்டவனுக்குப் பதிலாகக் காலையில்தான் சேர்த்தார்கள். சாயங்காலமே போகச் சொல்லிவிட்டார்கள்.

“தம்பி, ஏழாவது இன்னிங்ஸ்ல மட்டை பிடிச்சீங்களா?”

“பிடிச்சேன் மேடம். வீசத்தான் விடல.”

“முதல் பேஸைத் தொட்டீங்களா?”

“ரெண்டு காலாலயும்.”

“இதுக்கு முன்ன சம்பள ஆட்டம் ஆடியிருக்கீங்களா?”

“பதினோரு வருஷமா கேட்டேன். இன்னைக்குத்தான் கூப்பிட்டாங்க. நாளைக்கு சிமென்ட் லாரிதான்.”

வண்டியின் மூக்கில் தாளை விரித்து அவன் பேரை எழுதினாள். அடி பூஜ்யம். பந்தில்லாமல் பேஸ், ஒன்று. முப்பத்தாறுக்கு முப்பத்தாறு.

அவன் எட்டிப் பார்த்தான். “என்னைப் பார்த்துப் பயந்துட்டாங்கன்னு வீட்ல சொல்லலாமா?”

“முதல் பேஸ்ல ஆள் நின்னா ஒரே பந்துல ரெண்டு அவுட் எடுக்கறது சுலபம், அதுக்குத்தான் உங்களை அனுப்பினாங்க. அதைத் தாள்ல எழுத இடமில்ல. வீட்ல என்ன வேணா சொல்லிக்கோங்க.”

அவன் சிரித்துக்கொண்டே போனைத் தேடினான்.

நல்ல நேரம் பார்த்துக் கேட்டேன்: “அப்ப ப்ரூயிட்?”

“அவன் தப்பு தப்புதான். வண்டியை எடு, ஆறு மணிக்குள்ள தாளை லீக் ஆபீசுக்கு அனுப்பணும்.”