கூடத்தில் நின்ற வண்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில், சோபா போட வேண்டிய இடத்தில், ஒரு பெரிய டூரிங் பைக் நின்றது. மன்னார்குடி சாலையில், கொல்லைப்புறம் வயலைப் பார்த்த வீடு. வளைகுடாவில் வேலை செய்யும் என் கணவர் போன விடுமுறையில் அதை வாங்கினார். விடுமுறை முழுவதும் அதற்கு எதையாவது மாட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, கூடுதல் விளக்குகள், நெடுநேரம் உட்கார்ந்து ஓட்டினாலும் இடுப்பு வலிக்காதபடி ஸ்பாஞ்ச் அடைத்துத் தைத்த தடித்த சீட். லடாக் போவதாகச் சொன்னார். பட்டுக்கோட்டை வரை போய்வந்ததோடு விமானம் ஏறிவிட்டார்.

வெயிலும் மழையும் படக்கூடாது என்று வாசற்படியில் சிமெண்ட் சரிவு போட்டு, வண்டியை உள்ளே ஏற்றியிருந்தார். அதில் கிளட்ச் கிடையாது, காலால் மிதிக்கும் கியரும் கிடையாது. கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் மின்சாரமே கியரை மாற்றிவிடும். “பேட்டரி எறங்கிட்டா எல்லாம் போச்சு, பார்த்துக்க” என்றார். பார்த்துக்கொண்டேன். வாரம் தவறாமல் ஸ்டார்ட் செய்தேன். உருளாமல் நிற்க முதல் கியரில் போட்டு அணைத்தேன். கதவுகளையெல்லாம் திறந்துவைத்தாலும் அந்தப் புகை திரைச்சீலையிலும் குழந்தையின் தலைமுடியிலும் ஏறிவிடும். அவளைத் தூக்கி முத்தமிடப் போனால் குமட்டும். அவரிடம் சொன்னதில்லை. ஆசையாக வாங்கியது, நான்தான் எல்லாவற்றையும் பெரிதுபடுத்துகிறேனோ என்று வாயை மூடிக்கொள்வேன்.

சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீடுகளுக்குள் வரத் தொடங்கின. கூடத்தில் மூத்திர வாடை அடித்தது. தரையைத் துடைத்தேன், மூலைகளில் பினாயில் ஊற்றினேன், வாடை போகவில்லை. ஒரு நாள் காலை, நடக்கப் பழகியிருந்த என் மகள் வண்டிக்கு அடியில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். வாயில் விரலை விட்டு எடுத்தேன். மஞ்சள் ஸ்பாஞ்ச் துண்டு. அதில் எலிப்புழுக்கை ஒட்டியிருந்தது.

சாவியைப் போட்டு சீட்டைத் தூக்கினேன். அடிப்பக்கத்தைக் குடைந்து எலி கூடு கட்டியிருந்தது. மயிர் முளைக்காத சிவந்த குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று நெளிந்தன. சுற்றிலும் கடித்துப்போட்ட ஒயர்கள். கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தேன். எங்களோடு இருக்கும் மாமியார் முறத்தில் குட்டிகளை அள்ளிக்கொண்டுபோய் வயலில் கொட்டினார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். “எலிக் காய்ச்சல் உடனே தெரியாது. கொஞ்ச நாள் தினமும் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா உடனே கொண்டுவாங்க” என்றார்.

திரும்பி வந்ததும் வண்டியை வெளியே தள்ளப் பார்த்தேன். நகரவில்லை. முதல் கியரில் நின்றது. சாவியைத் திருப்பினால் கியர் எண் வரும் இடத்தில் ஒரு கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது. ஒயரை எலி கடித்துவிட்டதால் பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் கியர் மாறவில்லை. கணவருக்கு போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“எந்த ஒயரு? போட்டோ எடுத்து அனுப்பு.”

“மச்சான், புள்ள அந்தப் பஞ்சத் தின்னுருக்கு.”

“டாக்டர் பார்த்துட்டாருல்ல? நீ வண்டிய இழுத்துகிழுத்து வைக்காத. திருச்சிலேர்ந்து ஷோரூம் ஆளு வர்ற வரைக்கும் தொடவே கூடாது.”

போனை வைத்த பிறகும் கை கூசியது. வண்டியைத் தொட்டதாலா, அந்தக் குரலைக் கேட்டதாலா என்று தெரியவில்லை. தூரத்தில் இருக்கும் மனிதருக்குப் பதற்றத்தில் எது முதலில் வாயில் வரும் என்று யார் கண்டது என்றும் நினைத்தேன். அவருக்காக அப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டதும்கூட எனக்கு அருவருப்பாகவே இருந்தது.

“அவன் சொன்னா காரணம் இருக்கும்மா, ரெண்டு நாளு பொறுத்துக்க” என்றார் மாமியார். சொல்லி முடிப்பதற்குள் அலுமினியப் பெட்டியின் பின்னாலிருந்து தாய் எலி குதித்து, குழந்தையின் பாயைக் கடந்து, அவர் காலின் மேலேயே ஏறி ஓடியது.

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எப்புடி இழுக்கலாம், சொல்லு” என்றார்.

பீரோ நகர்த்துவதுபோலத்தான் செய்தோம். பக்கத்து வீட்டு அக்காவையும் அவர் கணவரையும் கூப்பிட்டேன். அவர்கள் இருவரும் பின்பக்கத்தைத் தூக்க, உருளாத சக்கரத்துக்கு அடியில் நெல் சாக்கைச் செருகினேன். “லடாக்குக்கு எலி குடும்பத்தோட கெளம்பிருச்சு, உம் மச்சான்தான் லேட்டு” என்று அக்கா மூச்சிரைக்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பிடியெல்லாம் எலி நக்கியிருக்குமோ என்று முந்தானையைச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். சாக்கு டைல்ஸில் வழுக்கிக்கொண்டு வந்தது. முருங்கை மரத்தடியில் விட்டுவிட்டு வந்து கூடத்தைக் கழுவினேன். போதாது என்று தோன்ற, மறுபடியும் கழுவினேன்.

சாயங்காலம் அவர் வீடியோவில் வந்தார். “எங்க நிக்குது?”

“வெளியில.”

“தொடாதன்னு சொன்னேன்ல?”

மன்னிப்பு வாய்வரை வந்துவிட்டது. மடியில் குழந்தை. அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன்.

“சொன்னீங்க. இனிமே அது உள்ள வராது மச்சான்.”

“பனி பெய்யும், மேல எதையாவது போர்த்திவிடு” என்றார்.

“மாமிகிட்டச் சொல்றேன். புள்ளைக்குக் காய்ச்சல் இருக்கான்னு கேளுங்க.”

கேட்டார். இல்லை என்றேன். நாளைக்கும் கேளுங்க என்றேன்.