ஒரு முட்டிக்கு ஒரு காவடி

வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர்ச் சொம்பை நீட்டுவதற்கு முன்னால் அனுசுயா மகளைத்தான் நீட்டுவாள். "ப்ரியா, வெரல வளச்சிக் காட்டு கண்ணு." பதினோராம் வகுப்புப் படிக்கும் மோகனப்ரியா வேண்டாவெறுப்பாக வந்து, கட்டைவிரலை மடக்கி முன்கையோடு ஒட்டவைப்பாள். முழங்கையை நீட்டினால் அது நேராக நிற்காமல் மறுபக்கம் வளையும். நின்றால் முட்டிகள் இரண்டும் பின்பக்கம் உள்வாங்கிக்கொள்ளும். வந்தவருக்கு உடம்பு கூசும். அதைப் பார்த்தால்தான் அனுசுயாவுக்குத் திருப்தி. "எம்பொண்ணுக்கு எலும்புன்றதே கெடையாது," என்பாள், பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்லும் தோரணையில். காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள்கூடப் பார்க்காமல் தப்பியதில்லை.

அனுசுயா திருத்தணியில் விசைத்தறி ஓட்டுகிறவள். செட்டுக்குள் தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி, வீட்டிலும் அதே குரல்தான். அவள் புருஷன் கோதண்டபாணியிடம் ரகசியம் சொன்னால் தெருவில் மூன்று வீடு உச்சுக்கொட்டும். அதைவிடப் பெரிய தொந்தரவு, சொன்ன சொல்லை விடமாட்டாள். என்றோ ஒரு கோபத்தில் தம்பியிடம், "இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சமாதானம் ஆகிவிட்டது, பேச்சுவார்த்தையும் உண்டு. ஆனாலும் அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய், தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வந்த இலையில் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வந்தாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் என்ன ஆகும் என்று தெரியும்.

ப்ரியா பள்ளிக் கபடி அணியில் எதிரணிக்குள் பாடிப் போகிறவள். கணுக்காலைப் பிடித்தால் கணுக்கால் திரும்பிக்கொள்ளும், மணிக்கட்டைப் பிடித்தால் அது நழுவிவிடும். விளையாட்டு டீச்சர் இதைத் திறமை என்றார். அனுசுயா அது குழந்தையில் தான் எண்ணெய் தேய்த்த கைராசி என்றாள். கோதண்டபாணி வீட்டாரோ, நடை, முகம், கபடி எல்லாமே தங்கள் வம்சம்தான் என்று பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். அனுசுயா பெற்றதோடு சரி.

பொங்கல் கழிந்து அரக்கோணத்தில் ஒரு போட்டி. அனுசுயா லீவு போட்டுவிட்டுப் போயிருந்தாள். ப்ரியா பாடிப் போய், ஒருத்தியைத் தொட்டுவிட்டு, திரும்பும்போது ஒற்றைக் காலில் குதித்து இறங்கினாள். முட்டி உள்பக்கமாகத் திரும்பியது. 'டப்' என்று ஒரு சத்தம். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு புடிச்சா?" என்று அன்று ராத்திரி கோதண்டபாணி போலீஸ்காரர் மாதிரி விசாரித்தார்.

"யாரும் புடிக்கல நைனா."

"தள்னாங்களா?"

"யாரும் தொடவே இல்ல நைனா. நானேதான் வுழுந்தேன்."

கபடியில் ஏழு பேர் அமுக்கிக் கால் போனால் அது கௌரவம். யாரும் தொடாமல் விழுவதை எந்த வீட்டில் சொல்லிக்கொள்வது? கோதண்டபாணி மறுநாள் கடைத்தெருவில் இரண்டு பேர் பிடித்தார்கள் என்றும், சாயங்காலத்துக்குள் நான்கு பேர் என்றும் சொன்னார்.

ஆனால் விபரீதம் மைதானத்திலேயே நடந்து முடிந்திருந்தது. மகள் விழுந்ததும் அனுசுயா பக்கத்தில் நின்றவரிடம் திருத்தணி எந்தப் பக்கம் என்று கேட்டாள். அந்தப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கி, "முருகா, எம்பொண்ணு முட்டிய பழயபடி குடுத்துடு. வர்ற ஆடிக் கிருத்திகைக்கு அவளே காவடி எடுத்துகினு படியேறி வருவா" என்று வேண்டிக்கொண்டாள். தறி செட்டுக் குரல். இரண்டு அணியும் கேட்டது, நடுவரும் கேட்டார்.

எலும்பு என்றால் இந்த ஊருக்குப் புத்தூர் கட்டுதான். கட்டுப் போடுகிறவர் முட்டியை அசைத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு கெட்டியா கீதும்மா. உள்ள ஜவ்வு போயிருக்கும், ஸ்கேன் எடுத்துப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். கோதண்டபாணிக்கு எலும்பு கெட்டி என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. வீக்கம் வடிந்தது, ப்ரியா நடந்தாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தார்கள். ஒருநாள் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முட்டி மறுபடி கழன்றுகொண்டது. அதற்குப் பிறகுதான் சென்னைக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். முட்டிக்குள் குறுக்காக ஓடும் தசைநார் அறுந்திருந்தது.

"அறுந்தத முடிச்சிப் போட முடியாதுங்களா?" என்று அனுசுயா டாக்டரைக் கேட்டாள். தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடுவதுதானே அவளுடைய பிழைப்பு.

"முடிச்சு நிக்காதும்மா. தொடையிலேருந்து ஒரு நாரை எடுத்து, புதுசா கோக்கணும்."

"ஆங், கோங்க," என்று அனுமதி கொடுத்தாள்.

ஆபரேஷன் முடிந்து, காலுக்குப் பலம் ஏற்றும் பயிற்சிக்கு பிசியோதெரபி நிர்மலாவிடம் அனுப்பினார்கள். நிர்மலா ப்ரியாவின் விரல், முழங்கை, முட்டி எல்லாவற்றையும் வளைத்துப் பார்த்தாள். "மூட்டு ரொம்ப இளக்கமா இருக்கு. பாக்க நல்லா இருக்கும். ஆனா தசைதான் புடிச்சி நிறுத்தணும், அதுக்குப் பயிற்சியே குடுக்கல. இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு இதுமாதிரி நெறய வருது, யாரும் தொடாமலே வரும்." பிறகு அனுசுயா பக்கம் திரும்பி, "உங்க கட்டவெரல வளைங்க" என்றாள்.

அனுசுயா வளைத்தாள். அது முன்கையில் போய்ச் சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

"அப்ப உங்ககிட்டேருந்துதான் வந்திருக்கு," என்றாள் நிர்மலா.

அனுசுயாவுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. இத்தனை வருஷம் கழித்து மகளிடம் தன் சாயல் ஒன்று, அதுவும் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். "பாத்தியா பாவா, உங்க வம்சம் இல்லியாம்," என்று புருஷனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேருவதற்குள் அந்தச் சந்தோஷம் வற்றிவிட்டது. அப்படியானால் அந்த முட்டியைக் கொடுத்ததும் அவள்தான். கொடுத்ததோடு நிற்காமல், ஊரெல்லாம் கூப்பிட்டு வளைத்து வளைத்துக் காட்டியிருக்கிறாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஊர் வரும்வரை அழுதாள்.

இப்போது விருந்தாளி வந்தால் முதலில் தண்ணீர்தான். ப்ரியா பழக்கதோஷத்தில் விரலைத் தொட்டால், "கைய மடக்கு" என்று ஒரு அதட்டல். காலையில் செட்டுக்குப் போகுமுன் மகளைச் சுவரோடு நிறுத்தி, பாதி உட்கார்ந்து எழுந்திருக்கும் பயிற்சியைச் செய்யவைக்கிறாள். கூடவே தானும் செய்கிறாள். யாராவது கேட்டால் இடுப்புவலிக்கு என்கிறாள். பஸ் நிறுத்தத்தில் எந்தப் பள்ளிக்கூடப் பெண் முட்டியைப் பின்னால் தள்ளி நின்றாலும் விடுவதில்லை. "ஏம்மா பச்ச தாவணி, முட்டிய கொஞ்சம் மடக்கி நில்லு." அந்தப் பெண்கள் இவளைக் கண்டால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடுகிறார்கள்.

ஆடி பிறந்தது. ப்ரியா குதிக்கக்கூடாது, ஓடக்கூடாது, கூட்டத்தில் படி ஏறி இறங்கவே கூடாது என்று நிர்மலா சொல்லியிருந்தாள். வேண்டுதலை எடுத்துச் சொன்னபோதும் அவள் அசையவில்லை.

"சாமிகிட்ட அடுத்த வருஷம் கேட்டு நாள் வாங்கிக்குங்கம்மா."

"சாமி குடுக்கும். நான் வர்ற கிருத்திகைன்னு சொல்லிட்டனே."

ப்ரியாவோ ஏறுவதற்குத் துடித்தாள். "வலியே இல்லம்மா. ஏறி எறங்கிட்டேன்னா டீச்சரு இந்த வருஷமே டீம்ல சேத்துப்பாங்க." இதையும் அனுசுயா போய்ச் சொன்னாள்.

"வலிக்காதுதான்," என்றாள் நிர்மலா. "போன தடவயும் வுழற வரைக்கும் வலிக்கலியே. இன்னொரு தடவ அறுந்தா கபடி இல்ல, ஒழுங்கா நடக்கவே கஷ்டம்."

அன்று முதல் அனுசுயா சரியாகச் சாப்பிடவில்லை. சாமி கொடுத்த முட்டியைச் சாமிக்குக் கொடுத்த சொல்லே பிடுங்கிக்கொண்டு போய்விடுமோ என்று பயந்தாள். சொல்லை மீறினாலும் பிடுங்கிக்கொள்ளுமோ என்றும் பயந்தாள். யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: "நீ ஏன் அவ பேர சொன்ன?"

கிருத்திகை அன்று விடியற்காலை சரவணப் பொய்கையில் குளித்துவிட்டு, மூவரும் மஞ்சள் துணியோடு படிக்கட்டின் அடியில் வந்து நின்றார்கள். பம்பை முழங்கிக்கொண்டிருந்தது. பூக்காவடி ப்ரியாவின் தோளில் ஏறியது. மேலே, அபிஷேகத் தண்ணீரும் மிதிபட்ட பூவுமாகப் படிகள் நசநசவென்று கிடந்தன. ஏறுகிற கூட்டம் இறங்குகிற கூட்டத்தை இடித்துக்கொண்டு போயிற்று. ப்ரியா அரோகரா சொல்லிக் காலைத் தூக்கினாள்.

"நில்லு," என்றாள் அனுசுயா. பம்பைக்காரர் தனக்குத்தான் என்று நினைத்து அடிப்பதை நிறுத்தினார்.

"அவ ஏறுவான்னுதான நீ சொன்ன?" என்றார் கோதண்டபாணி.

"ஆங், சொன்னேன். நீ அவள வேன்ல கூட்டிகினு மேல போ பாவா."

மலையைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி பளீர் பளீரென்று போட்டுக்கொண்டாள். பிறகு மகளின் தோளிலிருந்த காவடியை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு முதல் படியை மிதித்தாள்.