மாதா நின்ற வீட்டுக்கு ஊரை வரவைத்தவர்

புத்தளம் பஸ் நிலையத்தில் கற்பிட்டி பஸ்ஸுக்காக நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஜெனிற்றா. "ரீச்சர், வரேக்க பாண் வாங்கிட்டு வாங்க" என்று ஏதாவது சொல்லத்தான் வழக்கமாக எடுப்பாள். அன்று அவளுக்கு மூச்சு வாங்கியது. "ரீச்சர், பிலோமினா அக்கா போயிட்டா. கருவாடு காயப்போட்டுக்கொண்டு நிண்டவ, அப்பிடியே இருந்திட்டா. ஆஸ்பத்திரிக்கு ஏத்த முந்தியே முடிஞ்சிட்டுது." நான் முட்டாள்தனமாக, "நேத்துப் பின்னேரமும் என்னோட சண்டை பிடிச்சவ" என்றேன். பஸ்ஸில் ஏறி இருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாரே என்ற கோபம்.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. உங்களில் பாதிப்பேர் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். மற்றப் பாதி அனேகமாக வெளியூர். கணவரைக் கடல் கொண்டுபோன பிறகு, பிள்ளைகளும் இல்லாத அந்த மனுசி மீன் வாங்கி, கருவாடு போட்டு, சிலாபத்து முதலாளிமாரோடு மல்லுக்கட்டி வாழ்ந்தார். கரையில் நின்று அவர் விலை கூறினால் கோயிலுக்குள் இருப்பவர்களுக்குக் கேட்கும். பாதர் ஒருமுறை பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "பாரை மீன் என்ன விலை போகுது எண்டு இப்ப எல்லாருக்கும் தெரியும், இனி நாங்கள் சுவிசேஷத்துக்கு வருவம்" என்று சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும்.

நான் எழுத வந்தது கொரோனாக் காலத்துக் கதையை. அதை இப்போதே எழுதி வைக்காவிட்டால் வேறு விதமாக ஆகிவிடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

செபமாலை மாதத்தில் எங்கள் ஊரில் கண்ணாடிக் கூட்டில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போவது உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் ஒரு இரவு. மாதா நிற்கும் வீட்டுக்கு அன்று பின்னேரம் ஊர் முழுவதும் போக வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. ஒரு சுண்டு அரிசியோ தேங்காயோ மெழுகுதிரியோ கொண்டு போக வேண்டும். கொண்டு போனது அந்த வீட்டுக்கே. முதல் பத்து மணியை அந்த வீட்டுக்காரி தொடங்க, மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். மறுநாள் அவளே கண்ணாடிக் கூட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு வேலிப் படலைக்குப் போக, அந்த வீட்டுக்காரி இரண்டு கையாலும் வாங்குவாள். இந்த முறையைப் பார்க்கும் பொறுப்பு பிலோமினா அக்காவிடம் இருந்தது. யாரும் அவருக்குக் கொடுத்ததல்ல. அவர் எடுத்துக்கொண்டார், வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அந்த வருடம் கூட்டம் சேரக் கூடாது என்பதால் வீட்டுக்குள் போகாமல் முற்றத்தோடு நின்று செபித்துவிட்டு வந்தோம். மாதா ஜெனிற்றாவின் வீட்டுக்குப் போன மறுநாள் காலையில் அம்புலன்ஸ் வந்தது. ஜெனிற்றாவின் கணவன் அன்ரன் ஐஸ் லொறியில் கொழும்புச் சந்தைக்கு மீன் கொண்டு போகிறவன். சந்தையில் எடுத்த பரிசோதனையில் அவனுக்குத் தொற்று என்று வந்திருந்தது. அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜெனிற்றாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் பதினான்கு நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று படலையில் அறிவித்தல் ஒட்டி, மஞ்சள் நாடா கட்டினார்கள். வேலிக்கு வெளியே நின்று சிலர் படம் பிடித்தார்கள். பின்னேரத்துக்குள் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

ஏற்கெனவே மீன் விலை போகாமல் கரையில் அழுகிக்கொண்டிருந்தது. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் மீன் என்றாலே ஆட்கள் முகத்தைத் திருப்பினார்கள். அந்த எரிச்சல் முழுவதும் அன்ரன் தலையில் விழுந்தது. ஊருக்கே அவன்தான் வியாதியைக் கொண்டுவந்தான் என்றார்கள். ஜெனிற்றா தொலைபேசியில் கேட்டபோது, பால்மா முடிந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னார். அவருடைய கடைத் தட்டில் பால்மாப் பெட்டி அடுக்கியிருந்ததை நான் என் கண்ணால் கண்டேன். அடுத்த வீட்டுக்காரர் வேலியோரத்தில் தகரம் அடித்தார். காற்றில் வருமாம்.

இந்த அமளியில் ஊர் முழுவதும் ஒன்றை மறந்துவிட்டது. பின்னேரம் மூப்பர் சவிரியான் அண்ணன் வீட்டில், அன்று மாதா வரும் முறை அவர்களுடையது என்பதால், வாசல் கூட்டி, மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். வெளிச்சம் மங்குகிற நேரத்தில்தான் அவருடைய மனைவி லூசியா அக்கா, "மாதா எங்க?" என்று கேட்டிருக்கிறார். மாதா மஞ்சள் நாடாவுக்கு உள்ளே இருந்தார்.

கோயில் வளவில் ஆளுக்கு ஆள் தள்ளி நின்று கதைத்தோம். கோயில் காரியங்களை நடத்துகிறவர் என்ற முறையில் மூப்பர்தான் முதலில் பேசினார். "சுகாதாரக்காரரக் கொண்டு மாதாவ எடுப்பிச்சு, மருந்தடிச்சு, கோயில்ல வைப்பம். இந்த வருசம் இதோட நிப்பாட்டுவம். அந்த வீட்டில மாதாவ வச்சிருக்கிறது சரியில்ல." பலர் தலையாட்டினார்கள். மாதா அங்கே இல்லாவிட்டால் ஊருக்கு அந்த வீட்டில் ஒரு வேலையும் இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது. பிலோமினா அக்காவுக்கும் விளங்கியது.

"ஏன் சரியில்ல?" என்றார் அவர். "உள்ளுக்கு இருக்கிற ஒருத்தரும் வெளிய வரப்படாது எண்டுதானே ஒட்டியிருக்கு? மாதாவும் உள்ளுக்குத்தான் இருக்கிறா. பதினாலு நாள் முடியட்டும். வீட்டுக்காரி தூக்காம மாதா அந்தப் படலைய விட்டு அசைய மாட்டா."

"விளையாடாத பிலோமினா. நோய் வந்தா நீ பொறுப்பெடுப்பியா?"

"எனக்கும் பயம்தான் அண்ணன். எல்லாரும் நல்லாப் பயப்படுங்க, மாஸ்க்கப் போடுங்க, கையக் கழுவுங்க. ஆனா அந்தப் பயந்த முகத்தக் கொண்டுபோய் அந்தப் பிள்ளைக்குக் காட்டாதீங்க."

இந்தச் சொல்லை அதற்குப் பிறகும் பலமுறை அவர் வாயால் கேட்டிருக்கிறேன். பயப்படுகிறவர்களை அவர் ஒருபோதும் ஏசியதில்லை. பயத்தை நியாயம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத்தான் விட்டுவைக்க மாட்டார்.

பாதர் அப்போது தன் பொறுப்பில் உள்ள மற்றக் கோயிலில் இருந்தார். வீதி மூடியிருந்ததால் வர முடியவில்லை. தொலைபேசியில் எடுத்து, எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டோம். அவர் மெதுவாக, அவரவர் வீட்டில் இருந்து செபியுங்கள், சட்டத்தை மதியுங்கள் என்று தொடங்கினார். அக்கா தொலைபேசியைப் பறித்தார். "பாதர், அதெல்லாம் சரி. மாதா நிக்கிற வீட்டுக்கு ஊர் போக வேணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க." பாதர், "போக வேணும்" என்றார். "ஆனா கவனமா" என்று அவர் சேர்த்ததை அக்கா கேட்டாரோ தெரியாது. தொலைபேசி அதற்குள் மூப்பரின் கைக்குத் திரும்பிவிட்டது.

மறுநாள் பின்னேரம் அக்கா ஜெனிற்றாவின் படலைக்கு முன்னால் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார். கொண்டுவருவதை அதன்மேல் வைத்துவிட்டு விலக வேண்டும், பிறகு ஜெனிற்றா வந்து எடுப்பாள். முதல் நாள் அவருடைய அரிசியும் என் பால்மாவும் இன்னும் இரண்டு மூன்று பொருளும்தான் இருந்தன. ஆட்கள் அவரவர் படலையில் நின்றார்கள். வராதவர்களை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பாரை மீன் விலை கூறிய அதே குரல். ஒழுங்கை முழுவதும் கேட்க உங்கள் பெயரை அப்படிக் கூப்பிட்டால் நீங்களும் வெளியே வருவீர்கள்.

செபமாலையை ஜெனிற்றா தொடங்க வேண்டும். கதவடியில் நின்று தொடங்கினாள், குரல் எழும்பவில்லை. அழுகிறாள் என்று தெரிந்தது. நான் தொடங்கட்டுமா என்று கேட்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேலியைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "கேக்கல்ல பிள்ள! வீட்டுக்காரி நீ சொல்லாம நாங்க என்னத்தப் பதில் சொல்லுறது? நாங்க நிக்கிறம். விடியும் மட்டும் நிக்கிறம். சொல்லு!" ஜெனிற்றா சொன்னாள். இரண்டாம் மூன்றாம் நாள்களில் குரல் உயர்ந்தது. ஒரு கிழமை போக, அந்தக் குரலில் அழுகை போய்க் கோபம் வந்திருந்தது. யாரைப் படம் பிடித்துப் பரப்பினார்களோ அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு ஊர் பதில் சொல்லியது. தகரம் அடித்தவரும் சொன்னார், தகரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு.

சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர்தான், வேலை அவருக்குக் கழுத்துவரை. இங்கே கூட்டம் போடுகிறீர்களாமே என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா அதே சிங்களத்தில், "கூட்டமில்ல மாத்தயா, எல்லாரும் அவரவர் படலையில. நான் என்ர படலையில நிண்டு கொஞ்சம் பெரிசாச் செபிக்கிறன். அதுக்கும் சட்டம் இருக்கா?" என்றார். பரிசோதகர் ஒழுங்கையை மேலும் கீழும் பார்த்தார். மீன் பெட்டியைப் பார்த்தார். "மாஸ்க்க மூக்குக்கு மேல இழுங்க அம்மே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கனமூலைப் பக்கமிருந்து முச்சக்கர வண்டியில் மரக்கறி கொண்டுவரும் நானாவையும் இங்கே சொல்ல வேண்டும். எங்களில் ஒருவர் அவரிடம், "அந்த வீட்டுக்குக் குடுத்த கையால எங்களுக்குத் தராதீங்க" என்றார். நானா தராசைக் கீழே வைத்தார். "தொண்ணூறுல முஸ்லிம்னு வெரட்டுப்பட்டு, மன்னாருல இருந்து உடுத்த உடுப்போட இங்க வந்து எறங்கினப்ப எங்களயும் சில பேரு இப்பிடித்தான் பார்த்தாங்க. இந்தப் பார்வை எனக்குப் பழக்கம் தம்பி. முதல்ல அந்த வீட்டுக்குத்தான் குடுப்பேன். பொறகு வேணும்னா வாங்குங்க." அன்று மீன் பெட்டியில் ஒரு பூசணிக்காயும் இருந்தது. அக்கா அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "செபமாலை பிடிக்காத மனுசன் வச்சிட்டுப் போயிருக்கு. பிடிக்கிறவங்க எங்க?" அதற்குப் பிறகு பெட்டியில் இடம் போதவில்லை. மாதாவுக்குக் கொண்டு போகிறதைக் குறைக்க யாருக்கும் மனம் வரவில்லை, அல்லது அக்காவின் வாய்க்குப் பயந்தார்கள். எதுவென்றாலும் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

பதினான்கு நாள் முடிந்து, ஜெனிற்றாவுக்கும் பிள்ளைகளுக்கும் தொற்று இல்லை என்று வந்தது. நாடாவை அறுத்தார்கள். அன்று பின்னேரம் அவள் சேலை உடுத்தி, கண்ணாடிக் கூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்த முறை மூப்பர் வீடு. படலை பூட்டியிருந்தது. உள்ளே நின்ற சவிரியான் அண்ணன், "இன்னும் ஒரு கிழமை போகட்டும் பிள்ள. கோபிக்காத. வீட்டில வயசான ஆக்கள் இருக்கு" என்றார். ஜெனிற்றாவின் முகம் செத்துப்போனது. பதினான்கு நாள் நாங்கள் சொன்ன பதில் எல்லாம் அந்தப் பூட்டில் வந்து நின்றது.

அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கத்தவில்லை. ஜெனிற்றாவுக்குப் பக்கத்தில் போய், தோளோடு தோள் உரச நின்றார். அவ்வளவுதான். கூடு பாரமானது. ஜெனிற்றா அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். "நான் பிடிக்கட்டா?" என்றுகூட அக்கா கேட்கவில்லை. முறை தெரிந்தவர். ஒவ்வொருவராக நாங்களும் போய்ப் பின்னால் நின்றோம். மூப்பர் எங்களைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், திரும்பவும் எங்களைப் பார்த்தார்.

வீட்டுக்குள்ளிருந்து லூசியா அக்கா வந்தார். கணவனின் இடுப்பிலிருந்த திறப்பை எடுத்தார். படலையைத் திறந்து, மாதாவை வாங்குவதற்கு முன்னால், கூட்டைப் பிடித்திருந்த ஜெனிற்றாவின் இரண்டு கையையும் தன் கையால் மூடினார். "கை நோகுதா பிள்ள?" என்றார். இரண்டு கிழமையாக அந்தப் பிள்ளையின் கையை வெளியார் ஒருவரும் பிடித்ததில்லை. அவள் அழுத அழுகை கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்ரன் சுகமாகித் திரும்பி வந்தான். இன்றும் லொறி ஓட்டுகிறான். அவன்தான் பிலோமினா அக்காவின் சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவன்.

ஏன் எழுதுகிறேன் என்று கடைசியில் சொல்வதாகச் சொன்னேன். அடக்கத்தன்று பேசியவர் ஒருவர், கொரோனாக் காலத்தில் நம் ஊர் முழுவதும் ஒரே குடும்பமாக அந்த வீட்டின் பக்கம் நின்றது என்றார். கேட்க நன்றாக இருந்தது. பலர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊர் நிற்கவில்லை. ஒரு மனுசி பேர் சொல்லிக் கூப்பிட்டு, வெட்கப்படுத்தி, இழுத்துக் கொண்டுவந்து எங்களை நிற்க வைத்தார். அவர் பட்ட பாட்டை ஊரின் நல்ல குணமாக எழுதிக்கொள்ள நான் விட மாட்டேன். இதை வாசித்துவிட்டு யாராவது என்னோடு கோபித்தால் கோபிக்கட்டும்.

அவருடைய செபமாலையை ஜெனிற்றா வைத்திருக்கிறாள். எனக்கு அவரிடமிருந்து வேண்டியது அந்தச் சத்தம். இனி எந்த வீட்டைச் சுற்றியாவது நாடா கட்டினால், அது நோய்க்கோ வேறு எதற்கோ, ஒழுங்கையில் முதலில் கேட்கும் குரல் என்னுடையதாக இருக்க வேண்டும். இருபது வருடம் வகுப்பில் பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அடக்கியவள் நான். பரவாயில்லை அக்கா, கத்திப் பழகுகிறேன்.