பெருமாள் அண்ணைக்கு ஒரு பிடி மண்

போன மாதம் பரந்தன் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வட்டக்கச்சியிலிருந்து யோகன். டிராக்டர் ஓட்டுகிறவன், என் பழைய கூட்டாளி பெருமாள் அண்ணையின் மருமகன்.

“சித்தப்பா, மோட்டார் சைக்கிளிலைதானே நிக்கிறியள்? மாமாட காட்டுக் காணியிலை ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு வாறியளோ?”

“மண்ணோ? எதுக்கடா?”

“கரைச்சுக் குடுக்க.”

புரிந்துவிட்டது. புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடக்கிறவருக்குச் சொந்தக் காணி மண்ணைத் தண்ணீரில் கரைத்து நாலு சொட்டு வாயில் விடுவார்கள். மண்ணாசைதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறதாம். அது தீர்ந்தால் போய்விடுவாராம்.

தேத்தண்ணியை முடித்துவிட்டுப் புறப்பட்டேன்.

பெருமாள் அண்ணை மலையகத்தில் பிறந்தவர். இருபது வயதில் கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டவர். பிறகு சண்டை வந்தது, ஓடினார். சண்டை முடிந்தது, வட்டக்கச்சியில் குடியேறினார். அவரும் நானும் ஏழு வருடம் கிணறு வெட்டினோம். அவர் உள்ளே, நான் மேலே — கயிறு என் கையில். இப்போது குடலில் புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பி இரண்டு கிழமை.

அந்தக் கச்சான் காணி பற்றைக்காடாகக் கிடந்தது. நடுவில் ஒரு பலகை: ‘அரச காணி. உட்பிரவேசிக்கத் தடை.’ பலகையடியிலேயே ஒரு ஷொப்பிங் பையில் அள்ளினேன். அங்கேதான் மண் இளக்கமாக இருந்தது.

வழியெல்லாம் யோசனை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் பேப்பர் படிப்பேன். சில வெளிநாடுகளில் கருணைக்கொலைக்குச் சட்டமே இருக்கிறது. டொக்டர்மார் பார்க்க வேண்டும், நோயாளி தானே கேட்க வேண்டும், மனம் மாறிவிட்டதா என்று திரும்பவும் கேட்பார்களாம். நம் நாட்டில் அப்படிச் சட்டமில்லை. அதனால் என்ன... பழக்கம் இருக்கிறதே! அந்தக் கால அரசர்கள் வடக்குப் பார்த்து உட்கார்ந்து பட்டினி கிடந்து செத்ததை வீரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தமிழ்நாட்டின் தெற்கே சில ஊர்களில், படுக்கையில் கிடக்கிற முதியவருக்கு எண்ணெய் தேய்த்து முழுக்காட்டி இளநீர் கொடுப்பார்களாம். பிறகு காய்ச்சல் வரும். பிறகு சொந்தக்காரர் வருவார்கள். அரசர் தானாகப் போனார், சரி. முதியவரை யார் கேட்டார்கள்?

என்னிடமும் ஒருவன் கேட்டிருக்கிறான். கடைசிச் சண்டையில், முல்லைத்தீவுக் கடற்கரையில். வயிற்றில் காயம். “அண்ணை, என்னை முடிச்சு விடுங்கோ.” காயக்காரரை ஏற்றக் கப்பல் வருகிறது என்று பொய் சொன்னேன். கப்பல் உண்மையாகவே வந்துவிட்டது. இப்போது அவனுக்கு மூன்று பிள்ளைகள், ஒரு கடை. போனால் சோடா உடைத்துத் தருவான். “அண்டைக்கு நான் உண்மையாத்தான் கேட்டனான்,” என்று இன்றைக்கும் சொல்கிறான். நான் சோடாவைக் குடிக்கிறேன். வேறு என்ன செய்ய?

வட்டக்கச்சியில் எல்லாம் தயாராக இருந்தது. மகள் தவமணி மண்ணைக் கரைத்துக் கரண்டியால் நாலு சொட்டு விட்டாள். பெருமாள் அண்ணை கண் திறந்தார். நாக்கைச் சப்பினார்.

“என்னா இது?”

“உங்கட சொந்தக் காணி மண், மாமா,” என்றான் யோகன், பணிவாக.

“அது எப்பய்யா என் காணியாச்சு? பெர்மிட்டு வந்துருச்சா?”

கச்சான் போட்ட காலத்திலிருந்து அந்தக் காணிப் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த நிமிடம் வலி வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்தார். கிணற்றில் கல் விழுந்து கால்விரல் நசுங்கியபோதே சத்தம் போடாத மனிதர் — கத்தினார்.

“நோவுக்கு மருந்து தந்துவிடேல்லையோ?” என்று கேட்டேன்.

தவமணி அலுமாரியைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியில் ஒரு போத்தல். சீல் உடைக்கவில்லை.

“மோர்பினாம், சித்தப்பா. இதைக் குடுத்தா ஆள் முடிஞ்சிடுமெண்டு சனம் சொல்லுது. என்ர கையால எப்பிடிக் குடுப்பன்?”

மண் கரைத்த டம்ளர் அப்போதும் அந்தக் கையில்தான் இருந்தது.

கிளினிக் அட்டையில் இருந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு நேர்ஸ் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“இரண்டு கிழமையாக் குடுக்கேல்லையோ? மருந்தை ஆருக்கு வைச்சிருக்கிறியள், எனக்கோ?”

“உயிர் போயிடாதோ, மிஸ்?”

“எழுதியிருக்கிற அளவை எழுதியிருக்கிற நேரத்துக்குக் குடுங்கோ. நோதான் குறையும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நாளைக்கு நான் வந்து பாக்கிறன்.”

தவமணி அப்போதும் அசையவில்லை. நான் வெளிநாட்டுக்காரர் செய்கிறதைச் செய்தேன். கட்டிலடியில் குந்தி, ஆளையே கேட்டேன்.

“அண்ணை, உங்களுக்கு என்ன வேணும்? மண்ணோ, மருந்தோ?”

“நோவு நிக்கணும்.” மூச்சு வாங்கினார். “சாகுறதை நான் பாத்துக்கிறேன். அதுக்கு நீங்க யாரும் ஒத்தாசைக்கு வர வேணாம்.”

தவமணி சீலை உடைத்தாள். அளந்து கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. தூங்கிவிட்டார். தவமணி அவர் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தாள்... பிறகு அவளும் கட்டிலடியிலேயே தூங்கிவிட்டாள். யோகன் டம்ளரை வெளியே கொண்டுபோய் ஊற்றினான்.

அதற்குப் பிறகு பதினாறு நாள் இருந்தார். கஞ்சி குடித்தார். யோகனுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது என்றார். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் தலையைத் தூக்கினார். ஒரு மத்தியானம், மகளின் மடியில், சத்தமில்லாமல் போனார்.

கருணைக்கொலை சரியா, பிழையா? எனக்குத் தெரியாது. கடற்கரையில் கேட்டவனுக்கே இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் போக முதல் இரண்டு வேலை இருக்கிறது. அலுமாரிக்குள் பாருங்கள். படுத்திருக்கிற ஆளிடம் கேளுங்கள்.

செத்தவீடு முடிந்து புறப்படும்போது பார்த்தால், மிச்ச மண் ஷொப்பிங் பையோடு இன்னும் என் மோட்டார் சைக்கிளில் தொங்கிக்கொண்டிருந்தது. கொண்டுபோய் அந்தப் பலகையடியிலேயே கொட்டிவிட்டேன்.

அரசாங்கச் சொத்து பாருங்கள்.